இரண்டாவது கார்ட்

சென்ற நோன்புப் பெருநாள் இரவு நான் 17 கைகளுக்கு மருதாணி போட்டேன். கணக்கு ஒற்றைப்படையாக நிற்பதற்குக் காரணம், கடைசியாக வந்த மேல்மாடி வீட்டுப் பிள்ளை ஒரு கை முடிவதற்குள் நித்திரையாகிவிட்டது. கைக்கு 500 ரூபா. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு 9,000 கிடைத்தது. பிறகு ஒரு மணப்பெண்ணுக்கும் அவருடைய தங்கைமாருக்கும் போட்டதில் 14,000. எல்லாமாக 31,500 ரூபா. ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தேன். நானே உழைத்த முதல் காசு அது.

அந்த டின்னைப் பற்றி வீட்டில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. உம்மா தங்கம் என்றார். இப்போது விற்கும் விலையில் ஒரு கிராமோடு டின் காலியாகிவிடும் என்று சொன்னேன். "அந்த ஒரு கிராம் எங்கேயும் போகாதே மகள்" என்றார். தம்பி பத்து வயதுக்காரன், அவனுக்கு சைக்கிள் வேண்டும். வாப்பா மட்டும் எதுவும் சொல்லவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு கிராபிக்ஸ் கார்ட். சரியாகச் சொன்னால், இரண்டாவது கிராபிக்ஸ் கார்ட்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, மருதாணிக் காசில் கணினி விளையாட்டுக்குச் சாமான் வாங்க நினைத்தாள் என்று வாசித்ததும் சில உம்மாமார் இந்தப் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த விளையாட்டில் என்னோடு இருப்பது ஒரே ஓர் ஆள்தான். அது என் நானா.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். உப்புக்காற்றில் இரும்பு எதுவும் நிலைக்காது. கணினிப் பெட்டியின் திருகாணிகள்கூடத் துருவேறி இருக்கின்றன. அந்தக் கணினியை நானா 2019இன் கடைசியில், ஒருவர் பாவித்ததை வாங்கினார். ஐ5 வகைப் புரொசசர், உள்ளே என்விடியாவின் ஜீ.டி.எக்ஸ் 970 கார்ட். அந்தக் கார்ட் 2014 செப்டெம்பரில் வெளிவந்தது. அப்போது எனக்கு ஆறு வயது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எனக்கு 12. நானாவின் கதிரைக்குப் பின்னால் இன்னொரு கதிரையைப் போட்டு, அவர் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவர் எழும்பி, "நீ ஓட்டிப் பாரு" என்றார். முதல் வளைவிலேயே காரைக் கொண்டுபோய் மதிலில் மோதினேன். அவர் சிரிக்கவில்லை. "வளைவுக்கு முன்னுக்கே பிரேக் பிடிக்கோணும், வளைவுக்குள்ள இல்ல" என்றார். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த ஒரே வாகன ஓட்டும் பாடம் அதுதான்.

பிறகு 2022 வந்தது. ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து ஒரு சில வாரங்களில் 360க்குத் தாவியது. அந்த வருடம் மட்டும் இந்த நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அதில் ஒருவர் என் நானா. தோஹாவில் ஒரு களஞ்சியசாலையில் வேலை. போகும் நாளன்று கணினியின் கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதித் தந்தார். அது என் பெயரும் நான் பிறந்த வருடமும்தான். அவ்வளவு காலமும் அதைக் கண்டுபிடிக்க முயன்று தோற்றுப்போன எனக்கு, அழுவதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

அங்கே போய் ஒன்றரை வருடத்தின் பின் அவர் ஒரு மடிக்கணினி வாங்கினார். அதிலிருந்து ஃபோர்சா ஹொரைசன் 5 என்ற கார் விளையாட்டில் நாங்கள் சேர்ந்து ஓட்டத் தொடங்கினோம். மெக்சிகோவின் பாலைவனம், எரிமலை, கடற்கரை என்று பரந்து கிடக்கும் ஒரு வரைபடம் அது. பந்தயம் ஓடவேண்டும் என்று கட்டாயமில்லை, சும்மா சுற்றலாம். நாங்கள் பெரும்பாலும் சும்மாதான் சுற்றினோம். தொலைபேசியில் கதைத்தால் "சாப்பிட்டியா, படிக்கிறியா, உம்மாட்ட குடு" என்பதோடு முடிந்துவிடும். கண் பாதையில் இருக்கும்போது வேறு கதைகள் வரும். தன் அறையில் இருக்கும் நேபாள நண்பர் செய்யும் பருப்புக் கறி, 2022இல் தன்னோடு வந்து பாதியில் திரும்பிப் போனவரின் கதை, எனக்கு இணைந்த கணிதம் விளங்குகிறதா இல்லையா என்பதன் உண்மையான பதில், எல்லாம் அந்த மெக்சிகோ வீதிகளில் கதைத்தவைதான்.

இந்த வருடம் தொடக்கத்திலிருந்து என் பக்கத்தில் கோளாறு. வேகமாகப் போகும்போது திரை அப்படியே உறைந்துவிடும். ஒரு செக்கன், சில வேளை மூன்று செக்கன். மீண்டும் அசையும்போது என் கார் ஏதாவது மரத்தில் நிற்கும், நானாவின் கார் எங்கோ ஒரு புள்ளியாகப் போயிருக்கும். "உன்ட கார் எங்க தங்கச்சி? பின்னுக்குக் காணல்லயே" என்பார். திரும்பி வந்து நிற்பார். இரண்டு மூன்று முறை நடந்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

ஏப்ரல் அளவில் நானா வருவது குறைந்தது. கிழமைக்கு மூன்று நாள் ஒரு நாளாயிற்று, பிறகு அதுவும் இல்லை. காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: இந்தப் பழைய கார்டோடு மல்லுக்கட்ட அவருக்கு அலுத்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் கொட்டாஞ்சேனை மாமி வீட்டிலிருந்து செய்தி வந்தது. மாமியின் மகன் தன் கணினியைப் பிரித்து விற்கப்போகிறார். அவரிடம் இருந்தது அதே ஜீ.டி.எக்ஸ் 970, ஒன்றல்ல, இரண்டு. இரண்டையும் ஒன்றாக வேலை செய்யவைக்கும் எஸ்.எல்.ஐ என்ற முறை ஒன்று உண்டு. கார்ட் ஒன்று, இரண்டையும் இணைக்கும் சிறிய பாலம், அதற்குத் தோதான மதர்போர்ட், மூன்றும் 28,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொன்னார். என் கணினியில் இருந்த மலிவான மதர்போர்டில் எஸ்.எல்.ஐ போடமுடியாது, ஆகவே அந்த போர்டும் அவசியம். 31,500இல் 28,000 போனால் 3,500 மிச்சம். என் டின்னை அளந்துவைத்து விலை சொன்னதுபோல் இருந்தது.

இரவு சாப்பாட்டின்போது வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா புறக்கோட்டையில் உடுப்புக்கடை வைத்திருக்கிறார், அதற்கு முன் பல வருடங்கள் தையல் வேலை. "இந்தக் கார்ட் என்ன செய்யும்?" என்று கேட்டார். திரையில் ஓடுவதெல்லாம் தனித்தனிப் படங்கள் வாப்பா, செக்கனுக்கு 60 படம் வந்தால் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும், அந்தப் படங்களைக் கீறுவது கார்ட் என்றேன்.

"அப்ப ரெண்டு தையல்காரன வைக்கிறாய்."

"ஓம்."

"ரெண்டு பேரும் ஒரே சட்டையையா தைக்கிற, இல்லாட்டி ஆளுக்கொரு சட்டையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் படிக்கப்போய்த்தான் எல்லாம் தொடங்கியது. வாப்பாவின் கேள்வி, இந்தத் துறையின் பொறியியலாளர்கள் இருபது வருடத்துக்கும் மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வியாம்.

1998இல் த்ரீடிஎஃப்எக்ஸ் என்ற கம்பனி தன் வூடூ 2 கார்ட்களை இப்படி இரண்டாகச் சேர்த்தது. அங்கே ஒரே சட்டைதான்: ஒரு கார்ட் படத்தின் ஒற்றை வரிகளைக் கீறும், மற்றது இரட்டை வரிகளை. அந்தக் கம்பனி நொடித்ததும் அதன் சொத்துகளை என்விடியா வாங்கியது. 2004இல் அதே எஸ்.எல்.ஐ என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்து, விரிவாக்கத்தை மட்டும் மாற்றி, புதிய முறையொன்றுக்கு வைத்தது. அடுத்த வருடம் ஏ.டி.ஐ கம்பனி குரொஸ்ஃபயர் என்று போட்டிக்கு வந்தது. இந்தப் புதிய முறைகளில் பெரும்பாலும் ஆளுக்கொரு சட்டைதான். முதல் படத்தை ஒரு கார்ட், இரண்டாவதை மற்றது, மூன்றாவதைத் திரும்பவும் முதலாவது.

வாப்பாவிடம் சொன்னதும் உடனே சிக்கலைப் பிடித்துவிட்டார். இரண்டு தையல்காரரும் ஒரே நேரத்தில் தைக்கத் தொடங்கினால் இரண்டு சட்டையும் ஒரே நேரத்தில் முடியும். வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார். இரண்டு சட்டை ஒன்றாகக் கையில் விழும், பிறகு நெடுநேரம் ஒன்றும் வராது. ஒரு நாளைக்கு எத்தனை சட்டை என்று எண்ணினால் இரட்டிப்பு. நிற்பவருக்கோ காத்திருந்த உணர்வுதான். இதே குறைதான் இரட்டைக் கார்டிலும். எண்ணிக்கைப்படி செக்கனுக்கு 90 படம் என்று காட்டும், கண்ணுக்கு நடுங்கி நடுங்கி ஓடும்.

இன்னொன்று, நினைவகம். 970இல் 4 ஜீ.பீ இருக்கிறது. இரண்டு போட்டால் 8 என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆளுக்கொரு சட்டை தைக்கும் இருவரிடமும் முழு அளவுக் கொப்பியின் பிரதி ஒவ்வொன்று இருக்கவேண்டும். கொப்பி இரண்டு, ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே அளவுகள். ஆகவே 4 ஜீ.பீயும் 4 ஜீ.பீயும் சேர்ந்தால் 4 ஜீ.பீதான். அந்த 4இலும் கடைசி அரை ஜீ.பீ மற்றதைவிட மெதுவானது. அதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2016இல் கார்ட் ஒன்றுக்கு 30 டொலர் தர என்விடியா இணங்கியது. வெள்ளவத்தைக்கு அந்த 30 டொலர் வந்து சேரவில்லை என்பது வேறு விடயம்.

இவ்வளவு படித்த பிறகும் ஆசை விடவில்லை. நடுங்கினாலும் என் கார் உறைந்து நிற்பதைவிட மேல் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை உம்மாவோடும் தம்பியோடும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குப் போனேன். மஜெஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் மாடி மாடியாகக் கணினிக் கடைகள் உள்ள கட்டடம். ஒரு கடையில் நான், "970 ரெண்டு போட என்ன பவர் சப்ளை வேணும்?" என்று கேட்டேன். அங்கே இருந்தவர் தம்பியைப் பார்த்து, "தம்பி என்ன கேம் விளையாடுற?" என்றார். தம்பி பெருமையாக, "நான் இல்ல, தாத்தா" என்று என்னைக் காட்டினான். அவர் என்னைப் பார்த்தார், பிறகு உம்மாவைப் பார்த்தார், பிறகு விடையைத் தம்பிக்கே சொன்னார். நான் அடுத்த கேள்வியையும் கேட்டேன், அதற்கும் விடை தம்பிக்குத்தான் போனது. மூன்றாவது கேள்வியில் 145ஐ இரண்டால் பெருக்கி, புரொசசரின் வாட்டையும் கூட்டி, என் 500 வாட் சப்ளை இதற்குப் போதாது அல்லவா என்று கேட்டபோதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். திரும்பியதும் நல்ல மனிதர்தான். கதிரை எடுத்துப் போட்டு உண்மையைச் சொன்னார். ஒரு 970க்கே 500 வாட் சப்ளை வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. இரண்டுக்குக் குறைந்தது 700க்கு மேல் பாருங்கள், நல்லதாக எடுத்தால் 18,000 ஆகும் என்றார். வேண்டுமானால் பாவித்த ஜீ.டி.எக்ஸ் 1660 சுப்பர் ஒன்று 38,000க்கு இருக்கிறது, 6 ஜீ.பீ, 125 வாட்தான், உங்கள் பழைய சப்ளையே போதும், பாலமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றார்.

28,000உம் 18,000உம் 46,000. என் டின்னில் 31,500. இதுவரை மலிவாகத் தெரிந்த வழி, கடையிலிருந்து வெளியே வரும்போது விலைகூடிய வழியாகிவிட்டது.

மின்சாரக் கணக்கையும் போட்டேன். பௌதிகவியலில் வலுவை நேரத்தால் பெருக்குவோமே, அதேதான். மேலதிகமாக 145 வாட், நாளுக்கு 2 மணி நேரம், மாதம் 30 நாள்: 8.7 அலகு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் எங்கள் வீட்டுப் பட்டியல் மாதம் 174 அலகளவில் நிற்கும். 180ஐத் தாண்டினால் மேலுள்ள அலகுகளுக்கு உச்ச விலை, நிலையான கட்டணமும் கூடும். உம்மா மின்சாரப் பட்டியலை வாங்கியதும் தொகையைப் பார்க்கமாட்டார், அலகைத்தான் பார்ப்பார். என் இரண்டாவது கார்ட் வீட்டை 182.7இல் கொண்டுபோய் வைக்கும். கார்ட் எப்போதும் முழு வலுவில் ஓடாது என்று எனக்கு நானே வாதாடினேன். கூடவே, 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுவதும் மின்சாரம் போன அந்த ஞாயிற்றுக்கிழமையும் நினைவுக்கு வந்தது. எங்கள் சின்ன யூ.பி.எஸ் ஒரு கார்டோடேயே சில நிமிடம்தான் தாக்குப்பிடித்தது. இரண்டு கார்ட் என்றால் கணினியை ஒழுங்காக அணைக்கக்கூட நேரம் தராது.

இருந்தாலும் பார்க்காமல் விட மனமில்லை. அடுத்த கிழமை உம்மாவோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். ஜம்பட்டா வீதிப் பக்கம் மாமி வீடு, மொட்டைமாடியில் நின்றால் சாந்த லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரியும். மாமி தேநீரும் வட்டிலப்பமும் வைத்துவிட்டு, "இந்தச் சனியனைக் கொண்டுபோங்க மகள், இருக்கிற அறையும் சூடாகுது" என்றார். மாமியே இப்படிச் சொன்னால் விற்பனை நடக்குமா என்று அவருடைய மகன் சிரித்தார்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார். இரண்டு கார்ட்களும் ஒன்றின் கீழ் ஒன்று, மேலே ஒரு சின்னக் கறுப்புப் பாலம். உண்மையைச் சொல்கிறேன், மிக அழகாக இருந்தது. முதலில் 2015இல் வந்த ஒரு பழைய பந்தய விளையாட்டைப் போட்டுக் காட்டினார். இரண்டு கார்டின் பேனும் சுற்றின. திரை மூலையில் எண் நூறைத் தாண்டியது. "எப்படி?" என்றார். எண் நன்றாகத்தான் இருந்தது. வளைவுகளில் ஒரு மெல்லிய நடுக்கம் தெரிந்தது. தையல்கடை வாசலில் நிற்பவரை நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஃபோர்சா ஹொரைசன் 5ஐப் போடச் சொன்னேன்.

விளையாட்டு ஓடியது, நன்றாகவே ஓடியது. ஆனால் மேல் கார்டின் பேன் மட்டும்தான் சுற்றியது. கீழ்க் கார்டின் பேன் அசையவில்லை. வேலை எவ்வளவு என்று காட்டும் இடத்தில் அதற்கு 0 என்று இருந்தது. தம்பி விரலை நீட்டி, "இது ஏன் சும்மா இருக்குது?" என்று கேட்டான்.

சும்மா இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு கார்டுக்கும் வேலையைப் பங்கு போடுவது எப்படி என்ற குறிப்பை, ஒவ்வொரு விளையாட்டுக்கும் என்விடியாவே தன் டிரைவரில் எழுதிச் சேர்த்துவந்தது. 2021 ஜனவரி 1 முதல் புதிய குறிப்புகள் எழுதுவதில்லை என்று அறிவித்துவிட்டது. அதன்பின் விளையாட்டைச் செய்பவர்களே விரும்பினால் அந்த வேலையைச் செய்யவேண்டும். செய்தவர்கள் மிகக் கொஞ்சம். நாங்கள் ஓட்டும் விளையாட்டு 2021 நவம்பரில் வந்தது. கதவு பூட்டிய பிறகு வந்த பிள்ளை. 2022இல் வந்த என்விடியாவின் மிகப் பெரிய கார்டிலேயே இணைக்கும் வாயைக்கூட எடுத்துவிட்டார்கள். அது போதாதென்று, 2025 ஒக்டோபரோடு 970 வகைக் கார்ட்களுக்கு விளையாட்டுகளுக்கான டிரைவர்களையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள்.

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் ஒரு விடயம் உறைத்தது. இங்கே உண்மையில் ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு 970, என் வீட்டில் இருக்கும் அதே கார்ட். அப்படியென்றால் இங்கே ஏன் உறையவில்லை?

"உங்கட ரேம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"16."

என்னுடையது 8.

வீட்டுக்கு வந்து நிகாப்பைக் கழற்றாமலே கணினியைப் போட்டேன். விளையாட்டை ஓடவிட்டு நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தேன். 96 வீதம். பாவம், கார்ட் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. விளையாட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் 970 என்று பெயரே போட்டிருக்கிறார்கள், பரிந்துரைக்கும் ரேம் 16 ஜீ.பீ என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. நான் மாதக்கணக்காகக் கார்டின் வரியை மட்டும் வாசித்திருக்கிறேன். பரீட்சையில் கேள்வியைப் பாதி வாசித்து விடை எழுதுகிறாய் என்று பௌதிகவியல் டீச்சர் எனக்குச் சொல்வது வழக்கம்.

பாவித்த 8 ஜீ.பீ ரேம் ஒன்று 4,500 ரூபா. அதே கடையில்தான் வாங்கினேன், இந்த முறை விடைகள் எனக்கே வந்தன. பெட்டியைத் திறந்து, துருவேறிய திருகாணிகளோடு போராடி, கார்டின் தூசியையும் பழைய பெயின்ட் தூரிகையால் தட்டி, ரேமைப் பொருத்தினேன். உறைவது நின்றது. எரிமலையிலிருந்து கடற்கரைவரை ஒரே மூச்சில் ஓட்டினேன், ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

அன்றிரவு நானாவுக்குச் செய்தி அனுப்பினேன்: "கணினி சரி. இப்ப பின்னுக்கே வருவேன்." பெருவிரல் அடையாளம் வந்தது, நானா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மூன்று இரவு, இஷா தொழுதுவிட்டு, பயிற்சிப் புத்தகத்தையும் திறந்துவைத்து, 11.30வரை காத்திருந்தேன். தோஹா நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால். எனக்கு 11.30 என்றால் அவருக்கு இரவு 9.

நான்காம் நாள் தொலைபேசியில் எடுத்து நேராகக் கேட்டேன். "நானா, என்ட கம்பியூட்டர் நிக்கிற அலுப்புக்குத்தானே நீங்க வராம விட்டீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "யாரு சொன்ன அப்படி?"

"யாரும் சொல்லல்ல."

"ஏப்ரல்ல இருந்து ஷிஃப்ட் மாத்திட்டாங்க தங்கச்சி. பத்து மணித்தியாலம் நின்ட காலோட வந்து கதிரையில இருந்தா, அப்படியே கண் மூடுது. ரெண்டு தரம் ஓட்டிக்கொண்டு இருக்கக்கொள்ளயே தூங்கிட்டேன், நீ கவனிக்கல்ல. உன்ட கார் நின்டா நான் சந்தோஷப்படுவேன், எனக்கும் கொஞ்சம் நிக்கலாமே." பிறகு, "உம்மாட்ட செல்லாத" என்றார்.

நான் சொல்லவில்லை. இந்தச் சஞ்சிகை அச்சாகி வந்தால் உம்மாவே வாசிப்பார். அதைப் பற்றி நானாவிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "எழுது, அதுக்குள்ள ஷிஃப்ட் மாறிடும் இன்ஷா அல்லாஹ்" என்றார்.

46,000 ரூபாவுக்குக் கணக்குப் போட்ட நான், ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்கவேண்டியதை நான்கு மாதம் கேட்காமல் இருந்திருக்கிறேன். ஏன் என்று யோசித்தால், விடை கார்ட் என்று இருப்பதே எனக்கு வசதியாக இருந்தது. கார்டை வாங்கலாம். மருதாணி போட்டுக் காசு சேர்க்கலாம். தோஹாவில் நானா நிற்கும் பத்து மணித்தியாலத்துக்கு என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

கொட்டாஞ்சேனைக் கார்டை வேறொருவர் வாங்கிவிட்டார். விற்பதற்கு முதல் நாள், "கடைசியாகக் கேக்கிறார், உனக்கு வேணாமா?" என்று மாமி எடுத்துக் கேட்டார். வேண்டாம் என்றேன். சொல்லும்போது கொஞ்சம் வலித்தது. அந்தக் கறுப்புப் பாலம் அவ்வளவு அழகு. டின்னில் இப்போது 27,000 இருக்கிறது. 1660 சுப்பரின் விலை குறைகிறதா என்று இடைக்கிடை பார்க்கிறேன், இல்லை என்று சொன்னால் பொய். உம்மா இன்னும் ஒரு கிராமைப் பற்றிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

நானாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எங்கள் பாடசாலையும் அன்றைக்கு வேளைக்கே விட்டுவிடும். அவர் ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு வர எனக்கு பின்னேரம் நாலு மணியாகும், அஸர் தொழுதுவிட்டு இருந்தால் சரி. போன வெள்ளி வந்தார். பாலைவனத்தில் இருந்து தொடங்கி மெதுவாகவே ஓட்டினோம். "இப்ப பின்னுக்குத் தெரியுது உன்ட கார்" என்றார். நேபாள நண்பர் ஊருக்குப் போய்விட்டாராம், இப்போது பருப்பைத் தானே சமைப்பதாகச் சொன்னார். கடற்கரை வீதிக்கு இறங்கும் இடத்தில் அவர் கார் வேகம் குறைந்து, ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. "நானா?" என்றேன். பதில் வரவில்லை. காதில் மாட்டியிருந்த கருவியில் மூச்சுச் சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

என் காரையும் கொண்டுபோய் அவருடையதுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஒலியைக் குறைக்காமல், மேசையில் இருந்த இணைந்த கணிதப் பயிற்சியை இழுத்து வைத்துக்கொண்டு, எட்டாவது கணக்கைத் தொடங்கினேன்.